இதற்கு மேல் தெரியவில்லை

ஆபீசில் அவருக்குப் பெயர் சந்தேகம் சார். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. காபி கொண்டுவருகிறவரிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் சந்தேகம் சார்தான். மனுஷன் கோபித்துக்கொள்வதில்லை. சந்தேகப்படுவதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறார்கள்!

அந்த ஆபீசில் வருஷக்கணக்காய் ஒரே ஒரு டூலைத்தான் செய்து விற்கிறார்கள். மெஷின்களுக்குள் ஓடும் புரோகிராம்களைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் டூல். வாஷிங் மெஷின், லிஃப்ட், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று எதன் வயிற்றிலிருந்து எடுத்த ஃபைலானாலும் சரி, செய்த கம்பெனியே இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தாலும் சரி, கொடுத்தால் படித்துச் சொல்லிவிடும். நல்ல ஃபைலாய் இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. கெட்டுப்போன ஃபைல் வந்து சேரும்போதுதான் வினை.

ஏனென்றால் ஒவ்வொரு ஃபைலும் தன் நெற்றியில் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும். என் நீளம் இவ்வளவு, இந்த இடத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது, அதில் ஆயிரம் வரி இருக்கிறது என்று. பாதி எழுதும்போது கரண்ட் போயிருக்கும், சிப்பில் ஈரம் ஏறியிருக்கும், இல்லாவிட்டால் எவனாவது வேண்டுமென்றே கைவைத்திருப்பான். உள்ளே போய்ப் பார்த்தால் பத்து வரிகூடத் தேறாது. நெற்றியை நம்பி ஆயிரம் வரியும் படிக்கக் கிளம்பும் டூல், ஃபைலின் ஓரத்தைத் தாண்டிக் கால் வைத்துத் தொப்பென்று விழும். விழுந்தால்கூடப் பரவாயில்லை என்பார் சந்தேகம் சார். விழாமல், பக்கத்தில் கிடக்கும் கண்டதையும் பொறுக்கிக்கொண்டு வந்து ‘இந்தாங்க ஆயிரம் வரி’ என்று சிரித்த முகத்தோடு நீட்டினால் என்ன ஆவது? அதை நம்பி ஒருத்தன் லிஃப்டில் ஏறுவான்.

அதனால் அவருடைய வேலை, காலையில் வந்து உட்கார்ந்து நல்ல ஃபைல்களைக் கெடுப்பது. வாலை வெட்டுவார், நீளத்தை மாற்றி எழுதுவார், ஒரு அட்டவணையை அதன் தலைக்கே திருப்பிவிட்டு டூல் சுற்றிச் சுற்றி வருகிறதா என்று பார்ப்பார். எந்த ஃபைல் டூலைக் கவிழ்க்கிறதோ அதற்கு ஒரு பெயர் வைத்து ‘ஆஸ்பத்திரி’ என்ற ஃபோல்டரில் சேர்த்துக்கொள்வார். மொட்டையன், சுற்றுலா, பேராசை, இரட்டைத்தலை என்று அங்கே படுத்திருக்கும் நோயாளிகள் ஏராளம். டூலில் ஒரு எழுத்து மாறினாலும் அத்தனை பேரையும் எழுப்பி, வரிசையில் நிறுத்தி, மறுபடி உள்ளே அனுப்புவார்.

“சார், காபில சர்க்கரை இருக்குன்னு கப்புல எழுதியிருக்கு. நம்பிடாதீங்க” என்பாள் பக்கத்து சீட்டுப் பெண்.

“நீ சிரி. ஒருநாள் உப்பு வரும், அப்ப வந்து சொல்லு” என்பார் இவர்.

மேனேஜரோடு ஒரே ஒரு விஷயத்துக்காக அவர் மல்லுக்கு நின்றிருக்கிறார். டூலுக்கு ஒரு இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை என்றால் ஒரு வாக்கியம் சொல்லும்: ‘இதுவரை படித்தேன். இதற்கு மேல் தெரியவில்லை.’ மேனேஜருக்கு அந்த வாக்கியத்தைக் கண்டாலே ஆகாது. வாங்குகிறவன் என்ன நினைப்பான், ஏதாவது ஒப்பேற்றிக் காட்டக் கூடாதா என்று குதித்தார். சந்தேகம் சார் அசையவில்லை. “தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுல என்ன சார் கேவலம்? அத திட்டித் திட்டியே பொய் சொல்லக் கத்துக் குடுக்கறோம்” என்று பெரிய மீட்டிங்கில் போட்டு உடைத்தார். வாக்கியம் நிலைத்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

இதெல்லாம் ஆபீஸ் சமாசாரம். வீடு என்று ஒன்று இருக்கிறதே.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். அந்தம்மா ஒரு மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்கிறவர். ஒரு காது எப்போதோ போய்விட்டது, இன்னொரு காதில் மிச்சம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு முட்டுக்கொடுக்கக் காதின் பின்னால் ஒரு சின்ன மெஷின். எதற்கும் சிரித்த முகம். எது சொன்னாலும் “ம்”, “சரிங்க”, “நல்லதுதாங்க”. அக்கம்பக்கத்தில் அவருக்கு இருக்கிற நல்ல பெயர் இவருக்குக் கிடையாது. கொஞ்ச நாளாய் அவர் கடைக்குப் போகவில்லை. முழங்கால் வலிக்கிறது, நிற்க முடியவில்லை என்றார். இவரும் தைலம் வாங்கிவந்து கொடுத்தார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரே ஃபைலை நூறு தடவை திறக்கச் சலிக்காத இந்த மனுஷனுக்கு, வீட்டில் சொன்னதையே திரும்பச் சொல்வதென்றால் ஆகாது. ஒரு தடவை சொல்வார். “என்னங்க?” என்றால் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாய். அதற்கும் “என்ன?” என்று வந்தால், “ஒண்ணுமில்ல, விடு.” அவ்வளவுதான். கோபமெல்லாம் இல்லை, அலுப்பு. அதை அவர் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் மெஷின் பக்கெட்டில் விழுந்தது. துணி அலசக் குனிந்தபோது காதிலிருந்து நழுவி நேரே சோப்புத் தண்ணீருக்குள். அந்தம்மா கையை விட்டுத் துழாவி எடுப்பதற்குள் அது ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கிவிட்டது.

இருவரும் காது பார்க்கும் நிலையத்துக்கு ஓடினார்கள். அங்கே இருந்த பரிசோதகர் பொறுமையான பெண்மணி. புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “இத செஞ்ச கம்பெனி இப்ப இல்ல சார். புது மெஷின் போட்டுடலாம். ஆனா இந்தக் காதுக்கு எந்தச் சத்தத்த எவ்வளவு ஏத்தணும்ங்கற நம்பரெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. உள்ள இருக்கறத ஃபைலா எடுத்துத் தந்துடுவேன், திறக்க என்கிட்ட வழியில்ல. பேசாம அம்மாவுக்குப் புதுசா ஒரு டெஸ்ட் எடுத்துடலாமே?”

பரிசோதகரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அந்தம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். “டெஸ்ட் வேண்டாங்க. பழைய மாதிரியே வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க. எனக்கு அதுவே நல்லா இருந்துச்சு.”

டெஸ்ட்டுக்காகக் கண்ணாடி அறைக்குள் அடைத்துவைப்பதைக் கண்டு பயம் போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார். “நான் இருக்கேன்ல? என் டூல் எதுக்கு இருக்கு?” என்று மார்தட்டினார்.

பரிசோதகர் ஃபைலை எடுத்துக் கொடுத்தார். ஒத்துப் பார்ப்பதற்காக, அதே ரக மெஷின் போட்டிருக்கும் வேறொருவரின் நல்ல ஃபைலையும் பெயரை நீக்கிக் கொடுத்தார். அதுவரைக்கும் பொதுவான அளவில் ஓடும் இரவல் மெஷின் ஒன்றை அந்தம்மாவின் காதில் மாட்டினார். கிளம்பும்போது இவரைத் தனியே நிறுத்தி, “நம்பர் சரியா இருந்தா மட்டும் குடுங்க சார். ஏறுமாறா சத்தத்த ஏத்தி வெச்சா, இருக்கற கொஞ்சமும் போயிடும்” என்றார்.

மறுநாள் ஆபீசில் முதலில் அந்த அந்நியரின் நல்ல ஃபைலைத் திறந்தார். அழகாய்ப் பிரிந்தது. கனத்த கீழ்ச் சத்தங்களுக்கு ஒரு அட்டவணை, கீச்சென்ற மேல் சத்தங்களுக்கு ஒரு அட்டவணை. அடுத்து மனைவியின் ஃபைல். கீழ் அட்டவணை வந்தது. அதோடு சரி.

‘இதுவரை படித்தேன். இதற்கு மேல் தெரியவில்லை.’

மேல் அட்டவணை எங்கே இருக்கிறது என்று ஃபைலின் நெற்றியில் எழுதியிருந்த இடம், ஃபைலுக்கு வெளியே இருந்தது. சோப்புத் தண்ணீர் அந்த எண்ணைத் தின்றிருந்தது. டூல் அந்த இடத்துக்குப் போக மறுத்துவிட்டது. போகக் கூடாது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவரே இவர்தான். எட்டிப் பார்த்த பக்கத்து சீட்டுப் பெண், “உங்க வாக்கியம் உங்களுக்கே வந்துடுச்சா சார்?” என்று சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும், “சாரி சார்” என்று திரும்பிக்கொண்டாள்.

மேல் சத்தம் என்றால் சாதாரணமில்லை. பேச்சில் ச, ஸ, த என்று வரும் கூர்மையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எல்லாரும் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது மாதிரிதான் கேட்கும். சட்டையைப் பிடித்து இழுத்த அந்தக் கை அவருக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் அவர் செய்த காரியத்தை வேறு யாராவது செய்திருந்தால் ஆபீசை இரண்டாக்கியிருப்பார். டூலைத் தன் கம்ப்யூட்டரில் இன்னொரு பிரதி எடுத்து, அந்தக் காவலைக் கழற்றினார். அதிலும் முதலில் அந்நியரின் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, மனைவியின் ஃபைலைக் கொடுத்து, ஓரத்தைத் தாண்டினாலும் பரவாயில்லை, கிடைப்பதைக் கொண்டுவா என்று அவிழ்த்துவிட்டார்.

வந்தது! மேல் அட்டவணை முழுசாய் வந்து நின்றது. ஒரு எண்கூடக் கோணலாய் இல்லை. எல்லாமே ஒரு காதுக்கு இருக்க வேண்டிய அளவுக்குள். சந்தேகம் சாருக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்து மனைவிக்கு, ‘கிடைச்சாச்சு. டெஸ்ட் வேண்டாம்’ என்று அனுப்பினார். உடனே பதில் வந்தது: ‘நீங்க நல்லா இருக்கணும்.’ கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தம்மா அப்படி எழுதியதே இல்லை.

அந்தச் சந்தோஷத்தோடு எழுந்து போயிருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை. ஒரு தடவை வந்த பதிலை அவர் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. டூலை மூடிவிட்டு, மறுபடி திறந்து, மனைவியின் ஃபைலை மட்டும் கொடுத்தார். கீழ் அட்டவணை அதேதான். மேல் அட்டவணையில் வெறும் பூஜ்யங்களும் குப்பையும்.

ஒரே ஃபைல், இரண்டு பதில். முதல் தடவை வந்த எண்களை அந்நியரின் ஃபைலோடு வைத்துப் பார்த்தார். அச்சு அசல். முன்னால் திறந்த ஃபைலின் மிச்சம் டூலின் நினைவில் கிடந்திருக்கிறது. ஓரம் தாண்டிப் போன டூல் அதை அள்ளிக்கொண்டு வந்து மனைவியின் காது என்று நீட்டியிருக்கிறது. முகம் தெரியாத யாரோ ஒருவரின் காதை, இருக்கிற அந்தக் கொஞ்சக் காதின்மேல் ஏற்றி வைக்கப் பார்த்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். மாற்றிய பிரதியை அழித்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அந்தம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. சாப்பிட்டு முடித்து, நான் கழுவுகிறேன் என்று பாத்திரங்களைப் பிடுங்கிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி ஒருவழியாய்ச் சொன்னார்.

“காலைல சொன்னது தப்பும்மா. அது உன் நம்பர் இல்ல. டெஸ்ட் எடுத்துத்தான் ஆகணும்.”

“ம். சரிங்க” என்றார் அந்தம்மா.

அவர் கை நின்றது. டெஸ்ட் என்ற பேச்சுக்கே வெளுத்துப்போன ஆள், ஒரு சண்டையில்லை, ஒரு கண்ணீரில்லை, சரிங்கவா? இவ்வளவு சுலபமாய் எதையாவது டூல் ஏற்றுக்கொண்டால் அவர் என்ன செய்வார்? வேண்டுமென்றே ஒரு கோணலை உள்ளே அனுப்புவார். திரும்பாமலே அனுப்பினார்.

“நம்ம மாடி வீட்டுக்கு ஒரு திமிங்கலம் குடி வருதாம்.”

“நல்லதுதாங்க” என்றார் அந்தம்மா. “வரட்டும்.”

சந்தேகம் சாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினார். அந்தம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் இவருடையது அடங்கியது. அந்தக் கண்கள் அவர் முகத்தையே மேய்ந்துகொண்டிருந்தன. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும், சிரிக்கிற முகமா, கவலை முகமா என்று அவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்தன.

ஈரக் கையோடு வந்து எதிரே உட்கார்ந்து, உதடு தெரிய மெதுவாய்க் கேட்டார். “நான் இப்ப என்ன சொன்னேன்?”

அந்தம்மாவின் சிரிப்பு இறங்கிவிட்டது. “ஏதோ மாடி வீட்டப் பத்தி…”

“அதுக்கு முன்னாடி?”

அந்தம்மா உதட்டைப் பிதுக்கினார்.

“இந்த இரவல் மெஷின்ல கேக்கலியா?”

“பழைய மெஷின்லயும் கேக்கலைங்க” என்றார் அந்தம்மா. “ரொம்ப நாளாவே கேக்கல.”

“நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே! போன டெஸ்ட்டுல எல்லாம் கேட்டுச்சுன்னுதானே எழுதினாங்க?”

“கேட்டா கையத் தூக்கணும். அந்த மேடம் சத்தம் வைக்கும்போது அவங்க தோள் லேசா அசையும். கண்ணாடி வழியாத் தெரியும். அதப் பாத்துக் கையத் தூக்கிட்டேன். இன்னொரு டெஸ்ட்டுன்னா மாட்டிக்குவேன்னுதான் வேண்டாம்னேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “கடைல ஒருத்தர் கேட்டதுக்கு ஒரு மருந்த எடுத்து நீட்டினேன். அவரே பாத்து, இது இல்லம்மான்னுட்டார். ஒண்ணும் ஆகல. ஆனா அவர் பாக்காம வாங்கிட்டுப் போயிருந்தா? அதோட நின்னுட்டேன். கால் வலியெல்லாம் இல்ல.”

அப்படியென்றால் அந்த ஃபைல் பக்கெட்டில் விழாமல், ஒரு எழுத்துகூடக் கெடாமல் இருந்திருந்தாலும், அதிலிருந்த எண்கள் பொய். ஒரு தோள் அசைவைப் பார்த்துச் சொன்ன பொய். அதை மீட்கத்தான் அவர் தலைகீழாய் நின்றிருக்கிறார். எந்த ஃபைலும் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பாத மனுஷன், வீட்டில் வந்த ஒவ்வொரு “ம்”மையும் அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஏம்மா, கேக்கலன்னு சொன்னா நான் திரும்பச் சொல்ல மாட்டேனா?”

“ரெண்டு தடவ சொல்வீங்க. மூணாவது தடவ கேட்டா, ஒண்ணுமில்ல விடுன்னுடுவீங்க. ஒண்ணுமில்லன்னா என்னன்னு நான் எங்க போய்க் கேக்கறது? அதுக்கு ம்னு சொல்லிட்டா, நீங்க கொஞ்ச நேரம் எங்கூடப் பேசிட்டாவது இருப்பீங்க.”

திட்டித் திட்டியே பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம் என்று மீட்டிங்கில் போட்டு உடைத்தவர் இவர்தான். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். எதற்கு அழுகிறீர்கள் என்று அந்தம்மா கேட்கவில்லை, அது மட்டும் அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. முந்தானையால் இவர் முகத்தைத் துடைத்துவிட்டு, “கைய முதல்ல துடைங்க, சோப்பு நுரை சொட்டுது” என்றார்.

டெஸ்ட் நாளன்று இவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தம்மா கண்ணாடி அறைக்குள் போனவர், கதவைச் சாத்துவதற்குமுன் தலையை நீட்டிப் பரிசோதகரிடம், “மேடம், அந்தத் திரைய இழுத்து விட்டுடுங்க. உங்களப் பாக்காம செய்யறேன்” என்றார். பரிசோதகர் ஒரு நிமிஷம் புரியாமல் விழித்துவிட்டு, எழுந்து திரையை இழுத்துவிட்டார்.

சத்தங்களுக்குக் கை தூக்கும் டெஸ்ட் முடிந்து, வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லும் டெஸ்ட் வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஸ்பீக்கர் வழியாய் அந்தம்மாவின் குரல் மட்டும். “கேக்கல” என்றது. ஒரு வார்த்தையைச் சரியாய்ச் சொன்னது. மறுபடி “கேக்கல”. “இதுவும் கேக்கல மேடம்.” முதல் தடவை குரல் நடுங்கியது, போகப்போகத் தெளிந்துவிட்டது. வெளியே இவர் ஒவ்வொரு ‘கேக்கல’வுக்கும் சபாஷ் சபாஷ் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காத்திருந்தவர் இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“இப்பதாம்மா உங்க காதோட உண்மையான நம்பர் கிடைச்சிருக்கு” என்றார் பரிசோதகர். “மெஷின் எல்லாத்தையும் குடுத்துடாது. இவ்வளவுதான் முடியும்னு தெரிஞ்சா, மிச்சத்துக்கு வேற வழி பாக்கலாம்.”

அந்தம்மா கடைக்குத் திரும்பிவிட்டார். கவுன்டரில் நின்று, “எனக்குக் காது கொஞ்சம் மந்தம். என்னப் பாத்துச் சொல்லுங்க, இல்லன்னா சீட்டக் காட்டுங்க” என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறாராம். யாரும் அவரைத் தின்றுவிடவில்லை. ஆபீசில் ‘ஆஸ்பத்திரி’ ஃபோல்டரில் அந்த ஃபைலும் புது நோயாளியாய்ச் சேர்ந்தது. என்ன பெயர் வைத்தீர்கள் என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள். “வீட்டுக்காரம்மா” என்றார். டூலில் ஒரு எழுத்து மாறினாலும் அதைத்தான் இப்போது முதலில் உள்ளே அனுப்புகிறார்.

வீட்டில் பாத்திரம் கழுவும் வேலையும் இவருக்கே நிலைத்துவிட்டது. ஒருநாள் பழக்கதோஷத்தில் முதுகைக் காட்டிக்கொண்டே ஏதோ சொன்னார்.

“கேக்கல” என்றார் அந்தம்மா.

கொஞ்சம் சத்தமாய்ச் சொன்னார்.

“இன்னும் கேக்கல.”

கையிலிருந்த தட்டை வைத்தார். குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து, “நாளைக்கு மழை வரும்போல, குடை எடுத்துட்டுப் போன்னு சொன்னேன்” என்றார்.

“அவ்வளவுதானா? அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“அவ்வளவுதான்.”

அந்தம்மா குடையை எடுத்து வாசல் பக்கம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, “அன்னிக்கு மாடி வீட்டப் பத்தி ஏதோ சொன்னீங்களே. நானும் நல்லதுதான்னு சொல்லிட்டேன். அது என்ன?” என்று கேட்டார்.

“திமிங்கலம் குடி வருதுன்னு சொன்னேன்.”

“என்னது?”

“திமிங்கலம்.”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாய், கையை அகல விரித்துக் காட்டிச் சொன்னார். அந்தம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, மூச்சு வாங்கியபடி கேட்டார்.

“மாடிக்குத் தண்ணியே சரியா ஏறாதேங்க. பாவம், அது எப்படிக் குளிக்கும்?”